அமெரிக்காவில் நூல் கடைக்குப் போய்ப் பின்னல், நூற்பு, நெசவு கற்கலாமா, யூடியூபே போதுமா?

சேருங்கள். யோசிக்கவே வேண்டாம்.

மினசோட்டாவில் இது உங்களுக்கு முதல் குளிர்காலம், பக்கத்து நூல் கடையில் ஊசிப் பின்னல், கம்பளி நூற்பு, சின்னத் தறியில் நெசவு மூன்றும் சொல்லித் தருகிறார்கள், காசு கொடுத்துப் போவதா, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். ஆனால் கடைசியில், “தறி ஓட்டவா அமெரிக்கா வந்தோம் என்று வீட்டில் கேட்கிறார்கள்” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் சென்னிமலைக்காரி. அப்பா ஆயுசு முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்தவர். கூட்டுறவுச் சங்கத்தில் பாவும், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டும் இழைகளும், குறுக்கே நெய்யும் நூலும் வாங்கி வந்து, பெட்ஷீட் நெய்து கொடுத்துக் கூலி வாங்கியவர். அம்மா தார் சுற்றுவார், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் நூல் சுற்றுவதுதான் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டையில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கை மாற்றிவிடுவது என் வேலை. தறியில் மட்டும் அப்பா என்னை உட்கார விட்டதே இல்லை. “இந்தக் குழிக்குள்ள கால உட்டா வெளிய எடுக்க முடியாது கண்ணு, நீ படி” என்பார். படித்தேன். கோயமுத்தூரில் பொறியியல், பிறகு கல்யாணம், பிறகு மினசோட்டாவின் செயின்ட் பால். நெசவாளி மகளான நான் முதன்முதலில் தறியில் உட்கார்ந்து துணி நெய்தது இங்கே, ஒரு நூல் கடையின் பின்பக்க அறையில்.

உங்களுக்கும் வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தருகிற ஹெச்-4 விசாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் ஆபீஸ் போய்விடுவார், வெளியே மைனஸ் 20, சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கடைக்குள் போனதே குளிருக்கு ஒதுங்கத்தான்.

அங்கே சொல்லிக் கொடுக்கும் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நூலை இடக்கையில் பிடித்துப் பின்னுவார். முதலில் கற்பவர்களுக்கு அவர் கையில் கொடுப்பது வெளிர் நிறக் கம்பளி நூல், வொர்ஸ்டட் என்று சொல்கிற நடுத்தரப் பருமன், 5 மில்லிமீட்டர் மர ஊசி. கறுப்போ கருநீலமோ எடுத்தால் கண்ணி, அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையமும், கண்ணுக்குத் தெரியாது. உலோக ஊசியில் கண்ணி வழுக்கிக் கழன்றுவிடும், மரத்தில் நிற்கும். இதெல்லாம் யூடியூபிலும் சொல்வார்கள், மறுக்கவில்லை.

யூடியூபில் கிடைக்காதது எது என்பதை எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு கல்லூரிப் பையனால் தெரிந்துகொண்டேன். வீடியோ பார்த்தே நீளமான ஸ்கார்ஃப் ஒன்று பின்னி எடுத்து வந்திருந்தான். வரிசை நேராக இருந்தது, எங்கும் கண்ணி விடவில்லை. ஆனால் துணி விறைப்பாக இருந்தது, கழுத்தில் போட்டால் படியவில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தம்மா அதை இரண்டு கட்டைவிரலால் விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால் உண்டு. அவை அடியில் பிரிந்து நிற்க வேண்டும். அவனுடையதில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கால்கள் குறுக்காக விழுந்திருந்தன. பர்ல் எனப்படும் மறுபக்கக் கண்ணி வரிசையில் ஊசியைச் சுற்றி நூலைக் கொண்டுவரும் திசை மாறிப்போனால், அடுத்த வரிசையில் நிட் எனப்படும் நேர்க்கண்ணி போடும்போது கண்ணி இப்படி முறுக்கிக்கொள்ளும். “ஒரே ஒரு பர்ல் போட்டுக் காட்டு” என்றார். போட்டான். அவன் விரலைப் பிடித்துத் திசையைத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான் பாடம். அவன் பார்த்த வீடியோவில் ஒரு குறையும் இல்லை. அவன் வீடியோவைப் பார்த்தான், வீடியோ அவனைப் பார்க்கவில்லை.

யூடியூபில் கற்றவர்களை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கற்று என்னைவிட அருமையாகப் பின்னுகிறவர்கள் எனக்கே தெரியும். காசு இல்லாதவர்கள், கடையே இல்லாத ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் உங்களுக்குப் பக்கத்திலேயே கடை இருக்கிறது. இருக்கும்போது போங்கள் என்கிறேன். 2025-இல் துணியும் நூலும் விற்ற ஜோஆன் கடைகள் நாடு முழுக்க மூடப்பட்ட பிறகு, நூலைத் தொட்டுப் பார்த்து வாங்குகிற இடமே பல ஊர்களில் இல்லாமல் போய்விட்டது.

நூற்பில் கை மேல் கை வைத்துச் சொல்லித் தர வேண்டியது இன்னும் அதிகம். என் பெரியம்மா ஆதாரப் பள்ளியில் படித்தவர். காந்தியின் ஆதாரக் கல்வி நடந்த பள்ளிகளில் தக்ளி என்ற, கையால் சுழற்றும் சின்னக் கதிரில் நூற்பது ஒரு பாடமாகவே இருந்தது. பெரியம்மா வீட்டுப் பரணில் அந்தத் தக்ளி இன்னும் இருக்கிறது. பஞ்சு இழை நீளம் ஏறக்குறைய ஒரு அங்குலம்தான். அதை நூலாக நிறுத்த முறுக்கு நிறைய ஏற வேண்டும், தக்ளி வேகமாகச் சுழல வேண்டும். கம்பளி இழை மூன்று நான்கு அங்குலம் இருக்கும், மேலே செதில் இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் கம்பளியில் தொடங்குவது எளிது. அதிலும் கொரிடேல் ஆட்டு ரோமம் கேளுங்கள். மெரினோ மிருதுவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுத்தால் கைக்குள் நிற்காமல் வழுக்கும்.

கடையில் இருந்தது நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்ட் ராட்டை, காலால் மிதிப்பது. அந்தம்மா எனக்குப் பின்னால் நின்று, என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தார். முன்னால் இருக்கும் கையின் விரலுக்கும் பின்னால் இருக்கும் கைக்கும் நடுவில் ரோமம் சின்ன முக்கோணமாக விரிந்து நிற்க வேண்டும். முறுக்கு முன்னால் இருக்கும் விரலைத் தாண்டி அந்த முக்கோணத்துக்குள் ஏறிவிட்டால் பிறகு எவ்வளவு இழுத்தாலும் ரோமம் நீளாது. முறுக்கு வந்து விரலில் மோதுவதை உணர முடியும், லேசாகத் துடிக்கும். “இதுதான், இதுதான்” என்று அவர் என் விரலை அழுத்தியபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. நூற்ற இரண்டு இழைகளை எதிர்ப்பக்கமாக முறுக்கிச் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, கசக்காமல் பிழிந்து மாட்டினால் நூல் அடங்கிவிடும். அன்றே பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “கொஞ்சம் தடிமனா இருக்குது, ஆனா ஓட்டம் ஒண்ணா இருக்குது சாமி” என்றார். பல கதிர்களில் ஒரே நேரத்தில் நூற்கும் அம்பர் சர்க்கா ராட்டையை உருவாக்கிய ஏகாம்பரநாதன் தமிழ்நாட்டுக்காரர் என்று கடையில் சொன்னபோது எல்லோரும் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

நெசவுக்கு வருகிறேன். அங்கே இருந்தது ரிஜிட் ஹெடில் எனப்படும் மேசைத் தறி. குழி கிடையாது, மிதி கிடையாது. ஊடையை அடித்துச் சேர்க்கும் அச்சும், பாவிழைகளைத் தூக்கி இறக்கும் விழுதும் சேர்ந்த ஒரே சட்டம். மேலே தூக்கினால் நாடா போக ஒரு வழி திறக்கும், கீழே இறக்கினால் இன்னொரு வழி. அதையே முன்னால் இழுத்துக் குறுக்கு நூலான ஊடையை அடிக்க வேண்டும். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடுகிற முறைக்கு ஜான் கே 1733-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார், எங்கள் தெருவில் எல்லாத் தறியிலும் அதுதான். இதில் அதுவும் இல்லை, கையால்தான் நாடாவைச் செலுத்த வேண்டும். அப்பா முன்னால் வைத்தால் பொம்மைத் தறி என்பார் என்று நினைத்தேன்.

பாவு போடுவதற்கு, மேசையின் இந்த முனையில் தறியைக் கவ்வி, அறையின் அந்தப் பக்கம் ஒரு முளையைப் பொருத்தி, நூலை அச்சுக்குள் விட்டு முளையைச் சுற்றி இழுத்து வர வேண்டும். அறையின் நீளத்துக்குப் பாவு நீண்டபோது, எங்கள் தெருவில் வெயில் ஏறுவதற்கு முன் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்களே, அந்த வாடையே எனக்கு வந்தது. பாவைச் சுருட்டும்போது மற்றவர்கள் எந்த இழை தளர்ந்திருக்கிறது என்று குனிந்து தேடினார்கள். நான் புறங்கையால் ஒரு தடவு தடவி மூன்று இழையைக் காட்டினேன். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அப்பா செய்வதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்ததுதான். “எங்கே கற்றாய்?” என்றார் அந்தம்மா. “எங்கள் வீட்டில்” என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை பொறியியல் பட்டம் தந்ததில்லை.

அடுத்த வகுப்பில் அப்பாவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். நம் ஊரில் இரவு, ஆனாலும் தூங்காமல் காத்திருந்தார். நான் நெய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஊடைய நேரா இழுக்காத கண்ணு. சாய்ச்சு உட்டுட்டு அப்புறம் அடி. கரை உள்ள வாங்குது பாரு” என்றார். அதே நேரத்தில் இந்தப் பக்கம் அந்தம்மா, தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர், என் கையைப் பிடித்து நூலைச் சாய்வாக வைத்துக் காட்டினார். இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு வகுப்பில் இருந்தவர்கள் கேட்டார்கள் என்று அப்பா போனை எடுத்துப் போய்க் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து நெய்து காட்டினார். நாடா ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டார்கள். “இதக் கத்துக்கவா அங்க காசு குடுக்கறாங்க?” என்று அப்பா கேட்டார். “ஆமாப்பா” என்றேன். மறுநாள் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

வெள்ளைக்காரி சொன்னால்தான் தறிக்கு மரியாதையா என்று சிலர் கேட்பீர்கள். எனக்கு அந்த மரியாதை சின்ன வயதிலிருந்தே உண்டு. ஊர்தான் தரவில்லை. இங்கே ஒரு பொங்கல் விழாவில், கைத்தறிச் சேலை கட்டி வந்த ஒரு அக்கா, என் அப்பா நெசவாளி என்று தெரிந்ததும் “ஓ, தறிக்காரங்களா” என்று இழுத்தார். கட்டியிருக்கும் சேலை வேண்டும், நெய்தவர் வேண்டாமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்ல எனக்கு வேறு இடமில்லை. 1985-இல் கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம் இருந்தது, பிறகு 11 ஆகக் குறைந்தது. அந்தப் 11-இல் பெட்ஷீட்டும் இருக்கிறது, ஜமக்காளமும் இருக்கிறது. 1993-இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் ரோட்டோரக் கடைகளில் விசைத்தறியில் ஓட்டிய பெட்ஷீட்டைக் ‘கைத்தறி’ என்று எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதே அளவு, அப்பா நெய்ததில் பாதி விலை. வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது, பலகையில் எழுதியிருப்பதைத்தான் நம்புவார். இன்னொன்று, கைத்தறிக்கு நூல் சிட்டமாக, அதாவது வளையமாகச் சுற்றிய கட்டாக, வேண்டும். ஆலைகள் சிட்டமாகத் தர வேண்டிய பங்கை 2019-இல் 40 சதவீதத்திலிருந்து 30 ஆக்கினார்கள். இந்த நூல் கடையில் கைச்சாயம் போட்ட 100 கிராம் சிட்டம் 30 டாலர். அதை அழகாக முறுக்கி மாட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கத்தின் நூல் கிடங்குதான் நினைவுக்கு வரும். சிட்டம் வரவில்லை என்று அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வெறுங்கையோடு வந்த நாட்கள் உண்டு.

சரி, உங்கள் விஷயம். மூன்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். பின்னலில் சேருங்கள், செலவு குறைவு, ஊசியும் ஒரு சிட்டம் நூலும் போதும். நூற்பு பிடித்தால் உடனே ராட்டை வாங்க வேண்டாம், புதிது 500 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. கையில் தொங்கவிட்டுச் சுழற்றும் கதிர் 30 டாலருக்குள் கிடைக்கும், அதில் பழகுங்கள். மேசைத் தறியை வகுப்பிலேயே தருவார்கள். 1940-இல் தொடங்கிய மினசோட்டா நெசவாளர் சங்கம் மினியாபொலிஸில் இருக்கிறது, பெரிய மிதித்தறிகளில் வகுப்பு நடத்துகிறார்கள், பின்னாளில் அங்கே போகலாம். மே மாதம் அன்னையர் தின வாரக் கடைசியில் லேக் எல்மோவில் கம்பளித் திருவிழா நடக்கும். ரோமம் அங்கே ஆடு வளர்ப்பவர்களிடமே நேராக வாங்கலாம்.

கடைக்கு முதல் முறை போகும்போது வார நாளில் மதியம் போங்கள், சனிக்கிழமை கூட்டமாக இருக்கும். எதையும் வாங்காமல் மேசையில் உட்கார்ந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள். வீட்டில் கேட்டால், ஆமாம், தறி ஓட்டத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.