பழைய வீட்டுச் சுவர் உதிர்வது ஏன்?

கேள்வி: திருகோணமலை நகரில், தெருவை ஒட்டிய பழைய வீடு எங்களுடையது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். விறாந்தைப் பக்கம் பூசிய சீமெந்து, வெள்ளை பூத்து உதிர்கிறது. திரும்பவும் சீமெந்தே பூசலாமா?

பதில்: வேண்டாம். நிலத்தின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிவிடும். சீமெந்து அதை மறிக்கும். உப்பு உள்ளேயே உறைந்து பூச்சைத் தள்ளும்.

ஈரக்கறைக்கு மேலே இரண்டடி வரை சீமெந்தைக் கொத்தி எடுங்கள். கல் இடுக்குகளில் உள்ள சாந்தை முக்கால் அங்குலம் சுரண்டி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். புதுப் பூச்சுக்கு, நன்றாக நீறிய சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் கூடவே கூடாது, மேசன் என்ன சொன்னாலும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வாரமாவது ஈரச்சாக்கு தொங்கட்டும்.

மாரியில் பூச்சு காயாது, கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றில் வெடிக்கும். மாசி, பங்குனி தோதானவை. மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் பாடெல்லாம் வீண். வெள்ளைச் சுண்ணாம்பே அடியுங்கள்.

இன்னொன்று: தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, மழைநீர் உங்கள் சுவரடியில் தேங்குகிறதா? அப்படியானால் முதல் வேலை வடிகால்தான்.