ஒருவன் தேறினால் அடுத்தவள் படுக்கிறாள்: மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் குளிர்காலம்

கேள்வி: எனக்கு மூன்று குழந்தைகள். மூத்தவனுக்கு ஆறு வயது, பள்ளிக்குப் போகிறான். அடுத்தவளுக்கு மூன்று, கடைக்குட்டிப் பையனுக்கு நான்கு மாதம். குளிர் ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் யாராவது ஒருவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பெரியவனைத் தனி அறையில் வைத்துப் பார்த்தேன், இரண்டு நாள்கூட முடியவில்லை. இவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? சளி இருக்கும்போது குளிப்பாட்டலாமா, பள்ளிக்கு அனுப்பலாமா, எத்தனை துணி போடுவது, இரவில் ஹீட்டரைப் போட்டு ஜன்னலை அடைத்துவிடலாமா? எனக்கே தூக்கம் இல்லை, டாக்டர்.

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். நல்ல ஆரோக்கியமான சின்னப் பிள்ளைக்கே வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு தடவை சளி பிடிக்கும். பள்ளிக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ போகிற பிள்ளை என்றால் பத்து தடவைகூட வரும். அதில் பெரும்பகுதி குளிர் மாதங்களில்தான். ஒவ்வொரு சளியும் ஏழு முதல் பத்து நாள் இருக்கும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஒருவனிடமிருந்து அடுத்தவளுக்கு, அவளிடமிருந்து குட்டிக்கு என்று ஒரே வைரஸ் வீட்டைச் சுற்றி வரவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடும், அது முடிவதற்குள் பெரியவன் பள்ளியிலிருந்து புதிதாக இன்னொன்றைக் கொண்டுவந்துவிடுவான். சளி உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல் இருப்பதால் ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தாலும் அடுத்தது புதுசுதான். ஆக, உங்கள் வீட்டில் சளி ஓயாமல் இருப்பது எதிர்ப்பு சக்திக் குறைவு இல்லை, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். எடை ஏறாமல் இருப்பது, திரும்பத் திரும்ப நிமோனியா வருவது, ஆன்டிபயாடிக் ஊசியாகவே போட வேண்டியிருப்பது என்று ஏதாவது இருந்தால் மட்டும்தான் எதிர்ப்பு சக்தியைப் பற்றி நான் யோசிப்பேன். அதற்கென்று விற்கிற டானிக்குகளை வாங்காதீர்கள்.

தனி அறை விஷயம். அதை விட்டுவிடுங்கள். மூக்கு ஒழுக ஆரம்பிப்பதற்கு முந்தின நாளே பிள்ளை வைரஸைப் பரப்ப ஆரம்பித்திருக்கும், நீங்கள் கதவை மூடும்போது தங்கை அவன் கடித்த பென்சிலைக் கடித்து முடித்திருப்பாள். ஆறு வயதுப் பையனை அறையில் அடைத்தால் அவன் அழுவான், கதவுக்கு வெளியே தங்கை அழுவாள், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். எங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான், டாக்டர் என்கிற திமிரில் நானும் ஒருதரம் முயன்று தோற்றிருக்கிறேன்.

பெரிய பிள்ளைகள் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளட்டும். உங்களிடம் இருக்கிற தெம்பையெல்லாம் நான்கு மாதக் குழந்தை மேல் செலவு செய்யுங்கள். மூன்று வயதுக்காரிக்கு வெறும் மூக்கொழுகலாக வந்து போகிற அதே வைரஸ் கைக்குழந்தைக்கு மூச்சுக்குழாய் வரை இறங்கிவிடலாம். அவன் குழாய் அவ்வளவு சின்னது, கொஞ்சம் வீங்கினாலே காற்றுக்கு வழி பாதியாகிவிடும். ஆகவே விதிகள் அவனைச் சுற்றி மட்டும். பள்ளியிலிருந்து வந்ததும் பெரியவன் சோப்புப் போட்டு இருபது வினாடி கை கழுவிவிட்டுத்தான் தம்பியைத் தொடலாம். முத்தம் காலில் கொடுக்கட்டும், முகத்தில் வேண்டாம். “தொடாதே” என்றால் மறைந்து தொடுவான், “காலில் முத்தம் கொடு” என்றால் கேட்பான், இது ஆறு வயதுக்கும் மூன்று வயதுக்கும் பொருந்தும். குட்டிக்குத் தனித் துண்டு. உங்களுக்கே சளி என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுங்கள், ஆனால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் பால் வழியாகத்தான் அவனுக்குப் போகிறது. வீட்டில் யாராவது புகைபிடித்தால், பால்கனியில் நின்று பிடித்தாலும், அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது.

சரி, சளி வந்தே விட்டது. என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் இல்லை. கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு அடைத்தால் பால் குடிக்கத் திணறும். அதனால் பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்பு மூக்கில் சலைன் (உப்புநீர்) சொட்டு இரண்டு விட்டு மெதுவாக உறிஞ்சி எடுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். நான்கு வயதுக்குக் கீழே கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் எதுவும் வேண்டாம், பலனும் இல்லை, ஆபத்தும் உண்டு. ஒரு வயது தாண்டிய இருவருக்கும் இரவில் இருமல் அதிகமானால் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம், அது உண்மையாகவே உதவும். குட்டிக்கு ஒரு சொட்டுத் தேனும் நாக்கில் வைக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழே தடவாதீர்கள். கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம்; அதனால் சளி குணமாகி நான் பார்த்ததைவிட வெந்நீர் கொட்டி வெந்துபோன பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாடிக் கேட்டு ஓடி வராதீர்கள், வைரஸ் சளியே நாலாம் ஐந்தாம் நாளில் அப்படித்தான் கெட்டியாகி நிறம் மாறும்.

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் பயப்படுவது மருந்துக் குழப்பத்துக்குத்தான். பாராசிட்டமால் வயதுக்கு இல்லை, எடைக்குக் கொடுக்கிற மருந்து: ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தும் பெரிய பிள்ளைக்கான சிரப்பும் ஒரே பெயரில் இருந்தாலும் அடர்த்தி பல மடங்கு வேறுபடும், அரைத் தூக்கத்தில் பாட்டில் மாறிவிட்டால் வம்பு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். யாருக்கு, எது, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, கொடுத்தது யார். பதினோரு மணிக்கு நீங்கள் கொடுத்ததை அறியாமல் பன்னிரண்டு மணிக்கு அப்பா திரும்பக் கொடுப்பது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் எப்போதும் வேண்டாம்.

இனி, எப்போது ஓடி வர வேண்டும் என்பது. தெர்மாமீட்டரைவிட மூச்சைப் பாருங்கள். குழந்தை அழாமல், முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது கைக்குழந்தைக்குச் சரிவராது, அவர்கள் மூச்சு சீராக இருக்காது. குட்டிக்கு நிமிடத்துக்கு 50, மூன்று வயதுக்காரிக்கு 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலமாவது, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்கவில்லை, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை என்றாலும் அப்படித்தான். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ், அதாவது 102.2 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் குட்டியை அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். (இதைப் படிக்கிற வேறு யாருக்காவது மூன்று மாதத்துக்குக் கீழே குழந்தை இருந்தால் 38, அதாவது 100.4 வந்தாலே நேராக ஆஸ்பத்திரி.)

பள்ளிக்கு? வெறும் மூக்கொழுகல், ஓடியாடுகிறான், சாப்பிடுகிறான் என்றால் அனுப்புங்கள். ஒவ்வொரு சளிக்கும் நிறுத்தினால் குளிர்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பான். காய்ச்சல் இருந்தால் வேண்டாம், மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு போகட்டும். வாந்தி பேதி என்றால் கடைசி வாந்தியோ பேதியோ நின்று இரண்டு நாள் வரை வீட்டில். குளிர்காலத்து வாந்தி வைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

குளிப்பாட்டலாமா என்றால், தாராளமாக. சளி அதனால் அதிகமாகாது. ஆனால் தினமும் குளிப்பாட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை, குளிரில் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும். முழங்கையை விட்டால் இதமாக இருக்கிற தண்ணீர், ஐந்து பத்து நிமிடம், துவட்டிய கையோடு ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். மூன்று வயதுக்காரியைத் தொட்டியில் விட்டிருக்கும்போது குட்டி அழுதால் “ஒரு நொடி” என்று ஓடாதீர்கள், ஈரத்தோடு அவளையும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். சில அங்குலத் தண்ணீரே போதும் மூழ்குவதற்கு, அது சத்தமில்லாமல் நடக்கும்.

துணியைப் பொறுத்தவரை அம்மாக்கள் எல்லோரும் அதிகமாகத்தான் போடுகிறார்கள், குறைவாகப் போட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதல், குட்டிக்கு அது போதும். கை கால் சில்லென்று இருப்பது இயல்பு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்; வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தளர்வான போர்வையும் தலையணையும் குல்லாவும் கூடாது, குளிரும் என்றால் முழுக்கை வைத்த தூக்கப்பை (சட்டை போல மாட்டிவிடும் ஸ்லீப்பிங் பேக்) போடலாம். தூக்கத்தில் அதிகம் சூடாவது கைக்குழந்தைக்குக் குளிரைவிட ஆபத்து. காலையில் வெளியே கிளம்பும்போது குட்டிக்குக் கடைசியாக ஸ்வெட்டர் போடுங்கள். அவனை முதலில் சுற்றி வைத்துவிட்டு மற்ற இருவரின் காணாமல் போன காலுறையைத் தேடினால், காலுறை கிடைப்பதற்குள் அவன் வியர்த்து அழுதுவிடுவான். காரில் பெல்ட்டுக்கு அடியில் தடித்த ஜாக்கெட் இருக்கக் கூடாது, மோதினால் ஜாக்கெட் அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட்டைப் போட்டபின் மேலே போர்த்துங்கள்.

ஹீட்டர் கேள்விக்குக் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்கிறேன். மின்சார ஹீட்டர் என்றால் படுக்கை, திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், அறை சூடானதும் அணைத்துவிட்டுத் தூங்குங்கள், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். ஆனால் கரியோ விறகோ கேஸோ மண்ணெண்ணெயோ எரிகிற எதையும் மூடிய அறையில் வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, காய்ச்சல் மட்டும் இல்லை, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் அதை இன்னொரு வைரஸ் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுபோய்விட்டு உதவிக்கு அழையுங்கள். ஹ்யூமிடிஃபையர் (அறைக் காற்றை ஈரமாக்கும் கருவி) வைப்பதானால் குளிர்ந்த பனி விடுகிற வகையை வாங்குங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் அது பூஞ்சையைத்தான் அறையில் தெளிக்கும்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். இரவில் மூவரில் ஒருவர் இருமினாலும் வீட்டில் இரண்டு பெரியவர்களும் எழுந்து உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. இரவை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்: இரண்டு மணி வரை ஒருவர், அதற்குப் பிறகு இன்னொருவர், தன் முறை இல்லாதவர் வேறு அறையில். பால் கொடுக்க மட்டும் உங்களை எழுப்பினால் போதும். தூங்குகிற பிள்ளை இருமினால் எழுப்பி மருந்து கொடுக்க வேண்டாம், அவளைத் தூங்க விட்டு நீங்களும் தூங்குங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாதத்துக்குக் கீழே போட முடியாது, ஆகவே உங்கள் குட்டிக்கு இப்போது கிடையாது, அவனைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. உங்கள் இருவருக்கும் ஒரு ஊசி போதும், பால் கொடுக்கிறவர்களும் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் இருவரும் இதுவரை போட்டதே இல்லை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும், வேலை செய்ய மேலும் இரண்டு வாரம் ஆகும். லேசான மூக்கொழுகல் இருந்தாலும் போடலாம், அதனால் மூவருக்கும் சளி விட்டபிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள், உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் இப்போதைக்கு வராது.