சோப்பு விட்டதும் எண்ணெய் எங்கே போகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

திருவொற்றியூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 32 பிள்ளைகள். ஜூன் 8 உலகப் பெருங்கடல் நாளை ஒட்டி ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மினுக்குத்தூள் ஒட்டிய காகித மீன், பிள்ளைகளைக் கிளிஞ்சல் கொண்டுவரச் சொல்வது, கடற்கரையில் குப்பை பொறுக்குவது, தட்டில் எண்ணெய் ஊற்றி சோப்பு விட்டு மறைய வைப்பது என்று நான்கு யோசித்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னது யூடியூபில் பார்த்தது. எந்த வரிசையில் செய்யலாம்? பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது, சந்தோஷமாக முடிய வேண்டும்.

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

ஒரு மணி நேரத்தில் நான்கு வேண்டாம், ஒன்று போதும். மினுக்குத்தூள் பெரும்பாலும் பொடித்த பிளாஸ்டிக்தான். கடலைக் காக்கும் பாடத்துக்கு அது எதற்கு? காலிச் சங்கு துறவி நண்டுக்கு வீடு, அதை அள்ளி வரச் சொல்லாதீர்கள். ஊசியும் கண்ணாடியும் கிடக்கும் கரையில் ஆறு வயதுப் பிள்ளையைக் குப்பை பொறுக்க விடவே கூடாது. இந்த மூன்றும் இவ்வளவுதான்.

நான்காவதைப் பற்றித்தான் பேச வேண்டும். அந்த வீடியோ பள்ளிக்குப் பள்ளி பரவுவதைப் பார்த்து மனம் பொருமிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. சோப்புத்துளி விழுந்ததும் எண்ணெய் சட்டென்று ஓரத்துக்கு ஓடுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். பிள்ளை என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகும்? கடலில் எண்ணெய் கொட்டினால் சோப்பு போட்டால் சரியாகிவிடும் என்று. இது பொய்.

அதுவும் திருவொற்றியூரில்! 2017 ஜனவரி 28-ம் தேதி பக்கத்து எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மனிதர்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் அப்பியது, கூழைக்கடாக்களின் இறகிலும் அப்பியது. உங்கள் வகுப்பிலேயே அந்தக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் எண்ணெயை மாயமாக மறைய வைத்துக் காட்டப் போகிறீர்களா?

செயல்பாடு நல்லதுதான். முறையாகச் செய்யுங்கள். நாலு பேருக்கு ஓர் ஆழமான தட்டு, மொத்தம் எட்டு. அடி வெள்ளையாக இருந்தால்தான் எண்ணெய் தெரியும். ஒரு முனையில் மணலையும் கூழாங்கல்லையும் சரிவாகக் குவித்துக் கொஞ்சம் புல் செருகுங்கள், அது கரை. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 50 மில்லி கடலை எண்ணெயில் ஒரு தேக்கரண்டி கோகோ பவுடரை முதலிலேயே நன்றாகக் கலந்துவிட வேண்டும். கடையில் விற்கும் திரவ ஃபுட் கலர் எண்ணெயில் கரையாது. துளித்துளியாக இறங்கித் தண்ணீரைத்தான் நிறமாக்கும். நிஜமாக இருக்கட்டும் என்று மெக்கானிக் கடைக் கழிவு எண்ணெயை வாங்கிவிடாதீர்கள், அது தோலுக்கு ஆகாது.

இனி முக்கியமானது. எண்ணெயைக் குறுகலான கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, அது நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். பிறகு அந்தப் புட்டியிலிருந்தே தட்டில் கொட்டட்டும். ஒரு பிள்ளை ஊதட்டும், அதுதான் காற்று. எண்ணெய் கரையேறும்வரை காத்திருங்கள்.

மீட்க ஒரு கரண்டி, தடித்த தேங்காய்நார்க் கயிறு, இலவம்பஞ்சு. மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம். அதன் மெழுகை நீக்கியிருப்பார்கள், தண்ணீரையே குடிக்கும். இலவம்பஞ்சில் மெழுகு அப்படியே இருப்பதால் தண்ணீரை ஒதுக்கி எண்ணெயை இழுக்கும். மெத்தைக் கடையில் கிடைக்கும். பறந்து மூக்கில் ஏறும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பழைய கொசுவலைத் துண்டில் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். கயிற்றால் எண்ணெயை வளைத்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். வேகமாக இழுத்தால் எண்ணெய் கயிற்றுக்கு அடியில் நழுவிவிடும். கடலில் போடும் மிதவைத் தடுப்புகளிலும் இதே சிக்கல் உண்டு.

இருபது நிமிடம் கழித்து, அள்ளியதையும் பிழிந்ததையும் அதே புட்டியில் ஊற்றி அசையாமல் வையுங்கள். தண்ணீர் கீழே தங்கும், எண்ணெய் மேலே திரளும். அது திரளும் நேரத்தில் இறகைக் காட்டலாம். கறிக்கடையில் சிறகு இறகு வாங்கி, கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலசிக் காயவையுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் எண்ணெய் படும் முன்பே இறகு நனைந்துவிடும். நல்ல இறகில் விட்ட தண்ணீர் முத்து முத்தாக உருளும். எண்ணெயில் தோய்த்ததில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவ மட்டும் சோப்பு கொடுங்கள். எண்ணெயில் சிக்கிய பறவைகளை மீட்பவர்களும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தால்தான் கழுவுகிறார்கள்.

பிறகு புட்டிக்கு வாருங்கள். மேலே திரண்ட எண்ணெய் எத்தனை விரல் உயரம், முதலில் ரப்பர் பேண்ட் வரை எத்தனை விரல் இருந்தது என்று பிள்ளைகளே அளக்கட்டும். குறையும். நிச்சயமாகக் குறையும். "மீதி எங்கே?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். மணலைக் கிளறுவார்கள், புல்லைத் தடவுவார்கள், தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். தயவுசெய்து பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

சோப்பைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், மூடியுள்ள வேறு புட்டியில் தண்ணீரும் சிறிது எண்ணெயும் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்பு விட்டுக் குலுக்குங்கள். எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீர் முழுக்கப் பால்போலக் கலங்கும். மேலே மிதந்தது இப்போது மீன்முட்டை இருக்கும் ஆழத்துக்கே வந்துவிட்டது என்று சொல்லுங்கள், ஒன்றாம் வகுப்புக்குப் புரியும்.

பயந்துவிடுவார்கள் என்கிறீர்கள். பிள்ளைகளிடம் உங்களுக்கு இருக்கும் பாசம் அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. ஆனால் கை முழுக்க எண்ணெயோடு, "எங்கள் தட்டில்தான் அதிகம் மீட்டோம்" என்று சண்டை போடும் பிள்ளைக்குப் பயம் வராது. பிள்ளைகளின் அப்பாக்களில் கடலுக்குப் போகிற ஒருவரை அழைத்து, 2023-ல் வலை என்ன ஆனது என்று பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். அவர் பிள்ளை அன்று தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

முடிந்ததும் தட்டுகளை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், அந்தக் குழாய் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். மிதப்பதைப் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, பஞ்சையும் மணலையும் அதிலேயே பொதிந்து குப்பையில் போடுங்கள். புட்டி எண்ணெயை மூடி எடுத்து வையுங்கள், அடுத்த பிரிவுக்கும் அதே எண்ணெய் ஆகும்.

அன்புடன்,
அக்கா