அப்பாவின் குளிசை நேரம்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஆறு வருடமாகப் பாக்கின்சன் நோய். ஹேர்னியா சத்திரசிகிச்சைக்காக அடுத்த மாதம் வவுனியாவில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்போகிறார்கள். என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
– ஒரு மகள், ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, உடுப்புப் பையை அடுக்குவதற்கு முன் ஒரு கடதாசியை எடுங்கள். எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ‘காலை, மதியம், இரவு’ என்றால் போதாது. பாக்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபாவின் பலன் சில மணித்தியாலங்களில் வடிந்துவிடும். விடுதியில் மருந்து கொடுக்கும் நேரம் வேறு, அப்பாவின் உடம்பு கேட்கும் நேரம் வேறு.

முப்பது வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். ஆனாலும் பாக்கின்சன் இருந்த என் அண்ணாவை ஒரு வைத்தியசாலையில் சேர்த்தபோது இதை எழுதிக் கொடுக்கவில்லை. காலை ஆறு மணிக் குளிசை ஒன்பதரைக்குத்தான் கிடைத்தது. நான் போனபோது, வாயில் வைத்த இடியப்பம் விழுங்கப்படாமல் கன்னத்துக்குள் கிடந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக நீக்கித்தான் அதை வாங்கினேன்.

குளிசைகளை அவற்றின் பெட்டியோடும் கிளினிக் கொப்பியோடும் கொண்டு போங்கள். நெடுங்கேணி வழியாகப் பஸ்ஸில் போகும்போதே ஒரு குளிசை நேரம் வந்துவிடும். அதுவும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கட்டும்.

சத்திரசிகிச்சைக்கு முன் ‘வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்’ என்பார்கள். அது இந்தக் குளிசைக்கும் பொருந்துமா என்று மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீருடன் போட விடுவார்கள். திடீரென நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்று பெயர்களைச் சிவப்பு மையால் எழுதுங்கள்: மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், ஹலோபெரிடோல். முதலிரண்டும் வாந்திக்கு, மூன்றாவது பிதற்றலுக்குக் கொடுப்பவை. பாக்கின்சனில் குறைந்துபோவது, உடம்பை அசைய வைக்கும் டோபமைன் என்ற மூளைப் பொருள்; இவை அதன் வேலையைத் தடுப்பதால் அப்பாவுக்கு ஆகாது. வாந்திக்கு ஒன்டன்செட்ரோன் போன்ற வேறு மருந்துகள் உண்டு. வைத்தியர் பார்த்துக் கொடுப்பார்.

இரவில் அப்பா வீட்டில் இருப்பதாக நினைத்து, “மாட்டைக் கட்டினாயா?” என்று கேட்கலாம். பதறாமல் பக்கத்தில் இருந்து பேசுங்கள், தாதியிடமும் உடனே சொல்லுங்கள்.

அந்தக் கடதாசியை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கட்டில் தலைமாட்டில், ஒன்று பொறுப்புத் தாதியிடம், ஒன்று உங்கள் கைப்பையில். தாதியர் முறை மாறும்போதெல்லாம், புதிதாக வருபவரிடம் மீண்டும் காட்டுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூச்சப்படாதீர்கள்.