போர்க்கப்பலில் நடந்த தீ விபத்திலிருந்து, கரையில் வேலை பார்ப்பவர்கள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

கொச்சிக்குப் போனபோது தூரத்தில் நின்று கப்பலைப் பார்த்ததோடு சரி. எனக்குப் பிழைப்பு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மஞ்சி மில்லில், மெஷின் பார்க்கிற வேலை. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிற மில்லைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். கேரளத்துக்குள் இருந்தாலும் பேச்செல்லாம் பொள்ளாச்சித் தமிழ். இந்தக் கேள்விக்கு நான் ஏன் பதில் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

2020 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் சான் டியாகோவில் போனோம் ரிச்சர்ட் என்ற போர்க்கப்பல் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது. காலை எட்டு மணி தாண்டி அந்தப் பக்கம் நடந்துபோன ஓர் இளம் மாலுமி, வண்டி நிறுத்துகிற கீழ்த்தளத்தில் பனிமூட்டம் போல வெள்ளையாக ஏதோ இருப்பதைப் பார்த்திருக்கிறார். புகை வாசம் வரவில்லை. அதனால் யாரிடமும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டார். கப்பல் நாலு நாள் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சரிசெய்ய 250 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குப் பார்த்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் தீயணைக்கிற சாமான் இல்லாத கப்பல் இல்லை அது. பழுதுபார்ப்பு நடந்ததால் தீயணைப்பு நிலையங்களில் 87 சதவீதம் வேலை செய்யாத நிலையில் இருந்தன. நுரை பீய்ச்சுகிற ஏற்பாட்டுக்கு ஒரு பட்டன் உண்டு. அதை யாரும் அழுத்தவில்லை. அது எங்கே இருக்கிறது, அழுத்தினால் என்ன ஆகும் என்று விசாரணையில் கேட்ட மாலுமிகள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்கு முன்பு நடந்த ஒத்திகைகளில், குறித்த நேரத்துக்குள் தீமேல் தண்ணீர் அடிக்க முடியாமல் தொடர்ந்து 14 தடவை தோற்றிருக்கிறார்கள். நிஜத் தீ வந்தபோது முதல் தண்ணீர் விழ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது.

இதை நான் யூட்யூபில் பார்த்தது எங்கள் மில்லில் தீப்பிடித்து ஆறு மாதம் கழித்து. அந்த மாலுமியின் கதை வந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். மாசி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரி அடிக்கிற காலம். லீவு நாள்தானே என்று சல்லடை டிரம்முக்கு வெல்டிங் வைத்தோம். தண்ணீர் இறைக்கிற போர்வெல் மோட்டாரையும் அன்றைக்கே கழற்றி வைண்டிங்குக்கு அனுப்பியிருந்தோம். வெல்டர் அண்ணன் ஒரு மணிக்கு வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். நாலு மணி இருக்கும். களத்தில் மஞ்சி அள்ளிக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "ஏனுங் தம்பி, டிரம்முக்கு அந்தாண்ட என்ன வெள்ளையா கிளம்புது?"

"தூசிங்கக்கா. காத்துக்குக் கிளம்புது."

நான்தான் சொன்னேன். எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை.

நார்த்தூளுக்குள் ஒரு கங்கு விழுந்தால் வெளியே தெரியாது. மேலே விரல் வைத்தால் சில்லென்று இருக்கும், உள்ளே கனிந்துகொண்டே போகும். காற்று ஒரு பக்கம் திறந்துவிட்டதும் குப்பென்று பிடித்தது. தீயணைப்பு சிலிண்டரைத் தேடினால் அதன் முன்னால் மஞ்சி பேல் அடுக்கியிருக்கிறது. 101 அடித்தேன். என் ஃபோன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்து வைத்திருந்தது போல, கால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இது பாலக்காடு மாவட்டம் என்று ஃபோனை எடுத்தவருக்குப் புரியவைத்து, அவர் இந்தப் பக்கத்து நம்பரைத் தேடிக் கொடுப்பதற்குள் பாதிக் கொட்டகை போயிற்று. பக்கத்துத் தோப்புக்காரர்கள் டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவராவிட்டால் மீதியும் போயிருக்கும்.

அப்புறம் இதையே தேடித்தேடிப் படித்தேன். 1942 பிப்ரவரியில், நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பலை அமெரிக்கக் கடற்படை எடுத்து நியூயார்க்கில் படைவீரர்களை ஏற்றிச்செல்கிற கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தது. இரும்பு வெட்டுகிற டார்ச்சின் பொறி, குவித்து வைத்திருந்த மிதவை அங்கிகள்மேல் விழுந்தது. அவற்றில் அடைத்திருந்தது இலவம்பஞ்சு! கப்பலின் தீயணைப்பு அமைப்பை அப்போது துண்டித்து வைத்திருந்தார்கள். ஊர்த் தீயணைப்புக்காரர்களின் ஹோஸ் பிரெஞ்சு இணைப்புக்குப் பொருந்தவில்லை. ஊற்றிய தண்ணீரின் கனத்திலேயே கப்பல் மறுநாள் விடியுமுன் சாய்ந்து விழுந்தது. நம் பக்கத்திலும் 2024 ஜூலையில் மும்பையில் பராமரிப்பில் இருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்ரா தீப்பிடித்துச் சாய்ந்தது, ஒரு மாலுமி இறந்துபோனார்.

மூன்றுமே ஓடாமல் வேலைக்காக நின்ற கப்பல்கள். ஓடுகிறபோது ஆள் இருக்கும், மோட்டார் இருக்கும், எல்லாருக்கும் ஒரு கண் இருக்கும். நிறுத்திப்போட்ட நாளில்தான் தண்ணீரையும் மூடிவிட்டு நெருப்பையும் கொண்டுவருகிறோம். எங்கள் மில்லும் அப்படித்தான்.

இப்போது வெல்டிங் என்றால் மோட்டார் மேலே வரக்கூடாது. வந்தே ஆகவேண்டுமென்றால் வாடகைக்கு ஒரு டேங்கர் நிற்கும். சுற்றிலும் பத்தடிக்குத் தூளை வழித்துவிட்டுத் தரையை நனைக்கிறோம். இந்தப் பக்கத்து ஃபயர் ஸ்டேஷன் நம்பரைச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறோம். சிலிண்டரை அசாம் பையன்கள் கையில் கொடுத்து ஒருமுறை அடிக்கச் சொன்னோம். பின்னைப் பிடுங்கவே திணறினார்கள், நானும்தான். ஆறு கிலோ பவுடர் இருபது வினாடிகூட வரவில்லை. மேலே எரிகிற தீயை அது அமுக்கும், தூளுக்குள் இருக்கும் கங்குக்குத் தண்ணீர்தான்.

அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் வெல்டிங் முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது ஒருவர் காவல் நிற்கவேண்டும் என்பது விதி. எங்கள் சரக்குக்கு அது போதாது, அதனால் இருட்டும்வரை ஓர் ஆளை உட்காரவைக்கிறோம். "சும்மா உக்கார்ரதுக்கு அரை நாள் கூலியா?" என்று முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது கூலி நோட்டில் 'கங்குக் காவல்' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அவர் கையெழுத்திலேயே.