சார்ஜ் கார்டு: கேள்வி பதில்

கே: சார்ஜ் கார்டும் கிரெடிட் கார்டும் ஒன்றுதானே?

ப: தேய்ப்பது ஒரே மாதிரிதான், கட்டுவதில்தான் வேறுபாடு. கிரெடிட் கார்டில் மினிமம் டியூ (பில்லில் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு தள்ளிப்போடலாம். சார்ஜ் கார்டில் மினிமம் டியூவே கிடையாது. பில் தொகை முழுவதும் கெடுவுக்குள் போக வேண்டும். 1950-இல் வந்த டைனர்ஸ் கிளப் கார்டும் இந்த வகைதான்.

கே: இதற்கு லிமிட்டே இல்லையாமே?

ப: 'முன்கூட்டி நிர்ணயித்த லிமிட் இல்லை' என்பதைத்தான் பலரும் 'லிமிட் இல்லை' என்று படித்துவிடுகிறார்கள். வருமானம், வழக்கமான செலவு, இதுவரை கட்டிய ஒழுங்கு இவற்றை வைத்து ஒவ்வொரு முறையும் அந்த நொடியில் முடிவு செய்கிறார்கள். வழக்கத்தைப்போல் பத்து மடங்கு தொகைக்குத் தேய்த்தால் டிக்லைன் ஆக வாய்ப்பு அதிகம். பெரிய செலவுக்கு முன் கார்டு ஆப்பில் அந்தத் தொகை செல்லுமா என்று பார்க்கும் வசதி உண்டா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். காலையில் 'செல்லும்' என்று வந்தாலும், இடையில் வேறு செலவு செய்தால் மாலையில் மாறிவிடும்.

கே: எந்தத் தேதியில் வாங்கினால் அதிக அவகாசம்?

ப: பில் போட்ட மறுநாள். 5-ஆம் தேதி பில், 25-ஆம் தேதி கெடு என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 6-இல் வாங்கியது ஏப்ரல் 5 பில்லில் வரும், ஏப்ரல் 25-க்குள் கட்டினால் போதும்: 50 நாள். மார்ச் 4-இல் வாங்கினால் 21 நாள்தான். ஆனால் கணக்கில் ஏறும் தேதிதான் செல்லுபடி. கடைக்காரர் இரண்டு நாள் தாமதித்து அனுப்பினால் இந்தக் கணக்கு புரளும்.

கே: ஆட்டோ டெபிட் போட்டிருந்தேன், ஆனாலும் அபராதம் வந்துவிட்டது. ஏன்?

ப: முதலில் வங்கியில் கொடுத்த அனுமதியின் உச்சவரம்பைப் பாருங்கள். வரம்பு 1,000, பில் 1,200 என்றால் 1,000 மட்டும் போகாது, மொத்தமும் திரும்பிவிடும். அதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடிக்கலாம், கார்டு நிறுவனம் தாமதக் கட்டணமும் போடும். வரம்பு சரியாக இருந்தால், ஆட்டோ டெபிட் எந்த பில்லிலிருந்து தொடங்கியது என்று பாருங்கள். அடுத்த பில்லிலிருந்து தொடங்கியிருந்தால், பதிவு செய்த மாத பில்லைக் கையால் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

கே: பாதி கட்டினால்?

ப: மீதி பாக்கிதான். தாமதக் கட்டணம் ஏறும், கார்டை நிறுத்திவைப்பார்கள், இழுத்தால் கிரெடிட் ஸ்கோரிலும் விழும். சில கார்டுகளில் குறிப்பிட்ட செலவை மட்டும் தவணையாக மாற்றலாம். அதற்கு வட்டி உண்டு. மாதாமாதம் அது தேவைப்படுகிறவருக்கு சார்ஜ் கார்டு ஒத்துவராது.

கே: பில் வந்தபின் ரீஃபண்ட் வந்தது. கழித்துக் கட்டலாமா?

ப: நீங்களாகக் கழிக்காதீர்கள். கட்ட வேண்டிய தொகையில் ரீஃபண்ட் கழிக்கப்பட்டுவிட்டதா என்று கார்டு ஆப்பிலோ வாடிக்கையாளர் சேவையிலோ பாருங்கள், இல்லாவிட்டால் முழுதாகக் கட்டுங்கள். அப்படிக் கட்டினால் ரீஃபண்ட் அடுத்த பில்லில் வரவாக நிற்கும்.