டட்டன் 24 வருடம் இருந்த தொகுதியில் குடியேறியவருக்கு

தம்பி, ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஸ்ட்ராத்பைனில் வீடு எடுத்துவிட்டீர்கள், நல்லது. 'பக்கத்து வீட்டுக்காரர் பீட்டர் டட்டனைப் புகழ்கிறார், ஆபீசில் திட்டுகிறார்கள். அவர் யார்? வெளியிலிருந்து வந்த நமக்கு எதிரியா? அவர் கட்சி ஆட்சிக்கு வந்தால் பி.ஆர். போய்விடுமா?' என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே தொகுதி, டிக்சன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி.ஆர்., அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அதைப் பற்றிய பயம் வேண்டாம். ஆட்சி மாறியதற்காக அதை யாரும் பிடுங்குவதில்லை. மாறுவதெல்லாம் இனி வருகிறவர்களின் எண்ணிக்கையும், குடியுரிமைக்கான விதிகளும்தான். அங்கேதான் டட்டனைக் கவனிக்க வேண்டும்.

அவர் குயின்ஸ்லாந்து போலீசில் வேலை பார்த்தவர். 2001இல் லேபர் கட்சியின் செரில் கெர்னோட்டைத் தோற்கடித்து இங்கே எம்.பி. ஆனார். அப்புறம் சுகாதாரம், குடிவரவு, உள்துறை, பாதுகாப்பு என்று பல துறைகளுக்கு அமைச்சர். 2022இல் பழமைவாத லிபரல் கட்சிக்குத் தலைவராகி, எதிர்க்கட்சித் தலைவர். எல்லைக் காவல், சட்டம் ஒழுங்கு, இந்த இரண்டும்தான் அவருடைய அரசியல். 2008இல் 'திருடப்பட்ட தலைமுறை', அதாவது சிறுவயதில் அரசால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிகளிடம் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டபோது அவையில் இருக்க மாட்டேன் என்று ஒதுங்கினார். 2023இல் அது தவறு என்று அவரே வருத்தம் தெரிவித்தார். அதே வருடம், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் 'பூர்வகுடிகளின் குரல்' என்ற அமைப்பு வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பில் 'வேண்டாம்' பக்கம் நின்று வென்றார்.

நம் விஷயத்துக்கு வருவோம். 2017இல் குடிவரவு அமைச்சராக இருந்தபோது, குடியுரிமை கேட்பவர் பி.ஆர். கிடைத்த பிறகு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும், ஆங்கிலத் தேர்வும் கடினமாக்கப்படும் என்று மசோதா கொண்டுவந்தார். இங்கே நம் வீடுகளில் பேச்செல்லாம் அதுதான். ஊரிலிருந்து வந்த மனைவிமார் பலர் தேர்வை நினைத்துக் கலங்கினார்கள். மேலவையான செனட்டில் போதிய ஆதரவு இல்லாமல் அது விழுந்தது. அதனால்தான் இன்றும் மொத்தம் நான்கு வருடம் இங்கே வசித்து, அதில் கடைசி ஒரு வருடம் பி.ஆர். ஆக இருந்தால் போதும். கீழவை, செனட் இரண்டும் ஒத்துக்கொள்ளாமல் இங்கே சட்டம் ஆகாது. அமைச்சரின் பேச்சைக் கேட்டுத் தூக்கம் கெடுவதற்கு முன் செனட் கணக்கைப் பாருங்கள்.

ஆனால் சட்டமே மாறாமல் அமைச்சர் கையில் இருக்கிற அதிகாரமும் பெரியது. குயின்ஸ்லாந்தின் பிலோலா என்ற சின்ன ஊரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் எல்லைக் காவல் அதிகாரிகள் விடியற்காலையில் வந்து தடுப்புக்காவலுக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தைகள் இரண்டும் இந்த மண்ணில் பிறந்தவை. நீதிமன்றங்கள் அவர்களை அகதிகளாக ஏற்கவில்லை, விட்டுக்கொடுத்தால் அகதிப் படகுகள் மறுபடி வரும் என்பது டட்டன் சொன்ன காரணம். அமைச்சர் நினைத்திருந்தால் அன்றைக்கே விசா கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை, அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. குடும்பம் கிறிஸ்துமஸ் தீவின் தடுப்பு முகாம் வரை போய், ஆட்சி மாறிய பிறகு 2022 ஜூனில்தான் பிலோலாவுக்குத் திரும்பியது. அவர்களுக்காக விடாமல் போராடியதும் அந்தச் சின்ன ஊரின் வெள்ளைக்காரர்கள்தான். அவர்களில் பலர் பழமைவாதக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்கள். அதனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை உடனே எதிரிப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

2024இல் நிரந்தரக் குடியேற்றத்தை வருடத்துக்கு 1,85,000இலிருந்து 1,40,000 ஆகக் குறைப்போம் என்றார். வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு வந்தவர்கள்தான் காரணம் என்பது அவர் வாதம். வாடகை வீடு தேடி அலைந்த உங்களுக்கே தெரியும், தட்டுப்பாடு பொய்யில்லை. ஆனால் வீடு கட்டுகிற கையும் மருத்துவமனையில் நிற்கிற கையும் வந்தவர்களுடையதும்தானே.

2025 மே 3ஆம் தேதி லேபர் கட்சியின் அலி பிரான்ஸிடம் இதே தொகுதியை இழந்தார். எதிர்க்கட்சித் தலைவர் சொந்தத் தொகுதியில் தோற்றது கூட்டாட்சித் தேர்தல் வரலாற்றில் அதுவே முதல் முறை. விபத்தில் ஒரு காலை இழந்த அந்த அம்மையாருக்கு இது மூன்றாவது முயற்சி. முந்தைய வருடம்தான் மகனை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். டட்டன் தோல்வியை ஏற்றுப் பேசிய அன்றிரவு அந்த மகனை நினைவுகூர்ந்து அலி பிரான்ஸை வாழ்த்தினார். அதற்காக டட்டனை மதிக்கிறேன்.

விசா, மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) எது இழுத்தாலும் எம்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, தொகுதியில் வசித்தால் போதும். ஃபைல் எண், விண்ணப்பித்த தேதி, கடைசியாக வந்த மின்னஞ்சல் மூன்றையும் வையுங்கள். முடிவை அவர்கள் மாற்ற முடியாது, ஆனால் துறையைக் கேட்டுப் பதில் வாங்கித் தருவார்கள். நாடு விட்டு வெளியே போய்வந்த தேதிகளையும் இப்போதிருந்தே குறித்து வையுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் அந்தக் கணக்கு தேவைப்படும்.